அலைன்மென்ட் முதல் கே.டி. வரை: பெங்களூரு அலுவலகச் சொற்களும் கூட்டு வேலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் படிப்பை முடித்துவிட்டு எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு, மான்யதா என்று பெங்களூருவின் மென்பொருள் வளாகங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களும், புதிதாக டீம் லீட் ஆனவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்பதோடு, அந்தச் சொல் காதில் விழும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

மீட்டிங்கில் பாதி வார்த்தை புரிவதில்லை. எதை முதலில் தெரிந்துகொள்வது?

எல்லாச் சொல்லும் ஒரே ரகம் இல்லை. முதல் ரகம் தொழிற்சொற்கள்: டிப்ளாய்மென்ட் (புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றுவது), ரோல்பேக் (பழைய பதிப்புக்கே திரும்புவது), யு.ஏ.டி. (பயனரே சோதித்து ஏற்பது), பி1 (உச்ச முன்னுரிமைச் சிக்கல்), எஸ்.எல்.ஏ. (சேவைத் தர உறுதி). இவற்றுக்குத் துல்லியமான பொருள் உண்டு. புரியாமல் தலையாட்டினால் வேலை கெடும். பி1 என்றால் பெரும்பாலும் வாடிக்கையாளரின் சேவை முடங்கிவிட்டது என்று பொருள். எத்தனை நிமிடத்துக்குள் பதில் தர வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது எஸ்.எல்.ஏ. ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த எண்கள் பிராஜெக்டுக்கு பிராஜெக்ட் மாறும் என்பதால், சேர்ந்த முதல் வாரமே உங்கள் பிராஜெக்டின் எண்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.

இரண்டாவது ரகம் பணச்சொற்கள்: பில்லபிள், பெஞ்ச், யூடிலைசேஷன், அட்ரிஷன் (ஊழியர்கள் வேலையை விட்டுப்போகும் விகிதம்). இவற்றை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். ஆனால் நிர்வாகம் எடுக்கும் பல முடிவுகள் இவற்றைச் சுற்றியே நடக்கும்.

மூன்றாவது மழுப்பல் சொற்கள்: அலைன்மென்ட் (ஒத்துப்போவது), சினர்ஜி (சேர்ந்தால் கூடும் பலன்), டச் பேஸ் (சுருக்கமாகப் பேசிக்கொள்வது), விசிபிலிட்டி (மேலே இருப்பவர்கள் கண்ணில் படுவது). இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சொன்ன வாக்கியத்திலிருந்து யார், எதை, எப்போதைக்குள் என்ற மூன்றையும் எடுத்து எழுத முடிகிறதா என்று பாருங்கள். "ரிலீஸுக்கு முன்னாடி பேமென்ட் டீமோட அலைன் ஆகணும்" என்ற வாக்கியத்தில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. "அப்போ ஏ.பி.ஐ. மாற்றத்தை அவங்ககிட்ட நான் வியாழக்கிழமைக்குள்ள காட்டி ஓகே வாங்கிடட்டுமா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். (ஏ.பி.ஐ. என்பது இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி.) கேட்டால் விவரம் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற பயம் வேண்டாம். அதே அறையில் இன்னும் நாலு பேர் அதே குழப்பத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

பில்லபிள், பெஞ்ச், யூடிலைசேஷன் இதெல்லாம் என்ன? கூட்டு வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சேவை நிறுவனங்களில் உங்கள் நேரத்தை வாடிக்கையாளருக்கு விற்கிறார்கள். விற்ற மணி நேரம் பில்லபிள். எந்த பிராஜெக்டிலும் இல்லாமல் காத்திருந்தால் பெஞ்ச். ஒரு மாதத்தில் 22 வேலை நாள், நாளுக்கு 8 மணி என்றால் 176 மணி. அதில் 132 மணிக்கு பில் போனால் யூடிலைசேஷன் 75 சதவீதம். கணக்கு இவ்வளவுதான். சொந்தப் பொருளை உருவாக்கும் நிறுவனங்களிலும், வெளிநாட்டு நிறுவனங்களின் பெங்களூரு மையங்களிலும் இந்த மணிக்கணக்கு பொதுவாக இவ்வளவு கறாராக இருக்காது.

சம்பந்தம் இங்கேதான் வருகிறது. பக்கத்து இருக்கைக்காரரின் சிக்கலைத் தீர்க்க நீங்கள் செலவழித்த இரண்டு மணி நேரத்துக்கு பல நிறுவனங்களின் டைம்ஷீட்டில் எழுத இடமே இருக்காது. "டீமாக வேலை செய்யுங்கள்" என்று சுவரில் ஒட்டிவிட்டு, உதவிய நேரத்தைக் கணக்கில் எடுக்காத இடத்தில் நல்லவர்கள் இரவில் உதவுவார்கள், மற்றவர்கள் உதவ மாட்டார்கள். நீங்கள் லீடாக இருந்தால் ஸ்பிரிண்ட் (சில வாரங்கள் நீளும் ஒரு வேலைச் சுற்று) திட்டமிடும்போதே ஒவ்வொருவர் நேரத்திலும் 10 முதல் 15 சதவீதத்தை ரிவ்யூ (அடுத்தவர் எழுதிய நிரல் குறியீட்டைச் சரிபார்த்தல்), உதவி, புதியவருக்குச் சொல்லித்தருதல் ஆகியவற்றுக்கு ஒதுக்கி, அதற்கென ஒரு டிக்கெட்டும் (பதிவுசெய்த வேலைக்குறிப்பு) போட்டு வையுங்கள். முழு நேரத்தையும் வேலைக்கே ஒதுக்கும் திட்டம் முதல் பி1 வந்த அன்றே உடைந்துவிடும்.

"பேண்ட்விட்த் இல்லை" என்று எப்படிச் சொல்வது? சொன்னால் கெட்ட பெயர் வருகிறதே.

கையில் நேரமில்லை என்பதைத்தான் இப்படிச் சொல்கிறோம். வெறுமனே சொன்னால் கெட்ட பெயர் வரத்தான் செய்யும். கேட்பவருக்கு அது மறுப்பாக மட்டுமே காதில் விழுகிறது. கையில் இருப்பதைக் காட்டி, முடிவை அவரிடமே விடுங்கள்: "இந்த வாரம் என்கிட்ட மூணு இருக்கு: லாகின் பிழை, ரிப்போர்ட் மாற்றம், ரெண்டு ரிவ்யூ. இதை எடுத்தா ரிப்போர்ட் அடுத்த செவ்வாய்க்குப் போகும். எது முன்னாடி வேணும்னு சொல்லுங்க." எழுத்தில் அனுப்புங்கள். முன்னுரிமையை முடிவு செய்வது லீட் அல்லது மேனேஜரின் பொறுப்பு. அதை நீங்கள் உங்கள் தூக்கத்தில் கைவைத்துச் சமாளிக்க வேண்டியதில்லை.

குழு முழுவதுமே எப்போதும் நெருக்கடியில் இருந்தால் சிக்கல் வேறு. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய ஒரு சூத்திரம் இருக்கிறது. சராசரியாகக் கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை எத்தனை வாரம் கிடக்கும் என்பது கிடைக்கும். 12 வேலைகளைத் தொடங்கி வைத்து வாரத்துக்கு 3 முடித்தால், ஒவ்வொன்றும் சராசரியாக 4 வாரம் கிடக்கும். அதே வேகத்தில் கையில் 6 மட்டும் வைத்திருந்தால் 2 வாரம். ஒருவர்கூட வேகமாக வேலை செய்யாமலே காத்திருப்பு பாதியாகிறது. "புதிதாக எடுக்காதே, முதலில் பக்கத்தில் நிற்பதை முடி" என்ற விதி கூட்டு வேலையைத் தானாகவே கொண்டுவரும். தன் வேலை முடிந்தவர் புதியதை எடுக்க முடியாதபோது, அடுத்தவரின் தேங்கிய வேலையைத்தான் போய்ப் பார்ப்பார்.

சர்க்கிள் பேக், டேக் இட் ஆஃப்லைன், லோ ஹேங்கிங் ஃப்ரூட், லூப் இன், கீப் மீ போஸ்டட்?

சர்க்கிள் பேக்: பிறகு பேசலாம். தேதி சொல்லாவிட்டால் பேசப்போவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நீங்களே காலண்டரில் 15 நிமிடம் போட்டுவிடுங்கள்.

டேக் இட் ஆஃப்லைன்: இந்தக் கூட்டத்தில் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் தனியே பேசுங்கள். நல்ல வழக்கம்தான், தனியே பேசி எடுத்த முடிவை ஒருவர் குழுவின் சாட் சானலில் எழுதிப்போட்டால். எழுதாவிட்டால் அடுத்த வாரம் அதே விவாதம் முதலிலிருந்து ஓடும்.

லோ ஹேங்கிங் ஃப்ரூட்: சுலபத்தில் முடிகிற வேலை. பெரும்பாலும் அதைச் செய்யப்போகாதவர்தான் அப்படிச் சொல்வார்.

லூப் இன்: மெயிலில் சேர்த்துவிடு. சேர்க்கும்போது முதல் வரியிலேயே ஏன் சேர்த்தீர்கள் என்று சொல்லுங்கள். முப்பது மெயில் நீளும் ஒரு தொடரைக் காரணம் சொல்லாமல் ஒருவர் தலையில் கட்டுவது மரியாதையும் இல்லை, பயனும் இல்லை.

கீப் மீ போஸ்டட்: அவர் தானாக வந்து பார்க்க மாட்டார், முன்னேற்றம் ஏற்படும்போதெல்லாம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இ.ஓ.டி. என்றால் யாருடைய நாள் முடிவு?

கேட்காமல் ஊகிக்கவே கூடாத சொல் இது. நியூயார்க்கில் மாலை 6 மணி என்பது கோடையில் நமக்கு மறுநாள் அதிகாலை 3:30, குளிர்காலத்தில் 4:30. "வெள்ளி இ.ஓ.டி." என்று அமெரிக்கர் சொன்னால் உங்களுக்கு அது சனிக்கிழமை விடியற்காலை. வெள்ளி இரவு ஊருக்கு பஸ் ஏறியிருப்பீர்கள். "வெள்ளி மாலை 6 மணி, இந்திய நேரம்" என்று மணியோடு எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொரு கண்ணி: அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறது. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றுகிறது. இந்தியாவில் மாற்றமே இல்லை. ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் லண்டன், நியூயார்க், பெங்களூரு மூன்றும் சேர்ந்த கூட்டங்கள் ஒரு மணி நேரம் இடம் மாறும். அழைப்பை யார் ஊர் நேரத்தில் உருவாக்கினார்களோ அவர்களுக்கு மட்டும் நேரம் மாறாது.

டூ த நீட்ஃபுல், ரிவர்ட், டவுட் போன்றவற்றை வெளிநாட்டவர் தவறாகப் புரிந்துகொள்வார்களா?

சிலவற்றை. "டூ த நீட்ஃபுல்" (வேண்டியதைச் செய்யுங்கள்) பழைய பாணியாகத் தெரியும், ஆபத்து இல்லை. ஆனால் எது தேவை என்று சொல்லாததால் பயனும் இல்லை. "ரிவர்ட்" ஆபத்தானது. நாம் பதில் அனுப்புங்கள் என்ற பொருளில் எழுதுகிறோம். மென்பொருளில் அதற்குச் செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறுவது என்று பொருள். "இந்தச் சேஞ்ச் பற்றி ரிவர்ட் பண்ணுங்க" என்று எழுதிவிட்டு, மறுநாள் காலையில் மாற்றமே நீக்கப்பட்டிருப்பதைப் பார்க்க நேரிடலாம். "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது; அமெரிக்கருக்கோ, அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று கேட்கும்.

வெளிநாட்டவர்களுக்குள்ளேயே குழப்பம் உண்டு. "டேபிள்" என்ற வினைக்கு பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது என்று பொருள், அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. மூன்று நாட்டவர் இருக்கும் கூட்டத்தில் இத்தகைய சொற்களைத் தவிர்த்து எளிய சொல்லில் பேசுபவரே நல்ல ஆங்கிலம் பேசுபவர்.

மேனேஜரை "சார்" என்று கூப்பிடலாமா?

பெங்களூரு ஐ.டி. அலுவலகங்களில் பெயர் சொல்வதுதான் வழக்கம். வாயில் வராமல் சில வாரம் திணறுவீர்கள், பரவாயில்லை. தமிழ் சீனியரை "அண்ணா", "அக்கா" என்று தேநீர் இடைவேளையில் கூப்பிடுங்கள். மற்றவர்களும் இருக்கும் கூட்டத்தில் பெயரையே சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் உங்களுக்குச் சாதகமாகப் பேசுவார் என்ற எண்ணம் அடுத்தவர் மனதில் வரும்.

எங்கள் ஸ்டாண்ட்-அப் 40 நிமிடம் ஓடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

ஸ்டாண்ட்-அப் என்பது குழு தினமும் கூடும் சுருக்கமான கூட்டம். வேலையை ஸ்பிரிண்ட்களாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறைக்குக் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய வழிகாட்டி அதற்கு 15 நிமிடம்தான் தருகிறது. குழுவில் வழக்கமாக 10 பேர் அல்லது அதற்கும் குறைவு என்றும் சொல்கிறது. "நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன" என்ற மூன்று கேள்விகளை 2020 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். ஆனால் நம் ஊரில் இன்றும் அவைதான் ஓடுகின்றன.

நீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. அது வேலை செய்பவர்கள் தங்களுக்குள் அன்றைய நாளைத் திட்டமிடும் கூட்டமாக இல்லாமல், லீடுக்கு வருகைப்பதிவு கொடுக்கும் கூட்டமாகிவிடுகிறது. பேசுபவர் லீடைப் பார்த்துப் பேசுவார், மற்றவர்கள் லேப்டாப்பைப் பார்ப்பார்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்.

ஆள் வரிசையில் போகாமல், டிக்கெட்டுகளை நிலைவாரியாக அடுக்கிய போர்டின் வரிசையில் போங்கள், வலமிருந்து இடமாக. அதாவது முடியும் தறுவாயில் இருக்கும் டிக்கெட் முதலில். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதை இன்று அடுத்த கட்டத்துக்கு நகர்த்த என்ன வேண்டும், யார் உதவுவார்? நகர்ந்துகொண்டிருக்கும் டிக்கெட்டைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு விஷயம் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் ஒருவர் கையைத் தூக்க வேண்டும். சம்பந்தப்பட்ட இருவர் கூட்டம் முடிந்ததும் பேசிக்கொள்வார்கள். லீட் முதல் ஐந்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் நடைமுறையில் மிகக் கடினம்.

வெலாசிட்டி குறைவு என்று இன்னொரு டீமோடு ஒப்பிடுகிறார்கள். சரியா?

சரியில்லை. ஸ்டோரி பாயின்ட் என்பது ஒரு வேலையின் அளவைப் பற்றி அந்தந்தக் குழு தனக்குள் வைத்துக்கொள்ளும் ஊகக் கணக்கு; ஒரு ஸ்பிரிண்டில் முடித்த பாயின்ட்களின் கூட்டுத்தொகைதான் வெலாசிட்டி. ஒரு குழுவின் 5, இன்னொரு குழுவின் 13 ஆக இருக்கலாம். ஸ்க்ரம் வழிகாட்டியில் வெலாசிட்டி என்ற சொல்லே கிடையாது. ஒப்பிடத் தொடங்கினால் அடுத்த ஸ்பிரிண்டிலேயே எல்லா வேலைக்கும் பாயின்ட் ஏறும், வேலை ஏறாது. ஒப்பீடு வேண்டுமென்றால், தொடங்கியதிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போகும்வரை எத்தனை நாள் ஆனது என்று கேட்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் உண்மையான கூட்டு வேலை எப்படி இருக்கும்? டீம் லஞ்ச், அவுட்டிங் எல்லாம் கணக்கில்லையா?

நந்தி மலைக்குப் போவது நல்லதுதான், ஆனால் அது அளவுகோல் இல்லை. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்து தருவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டார். நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததாக அதற்குப் பொருள் இல்லை. தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். கூகுள் 2012-இல் தொடங்கித் தன் 180-க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தபோதும், யார் யார் குழுவில் இருக்கிறார்கள் என்பதைவிட, பயமின்றிப் பேச முடிகிறதா என்பதே முதல் காரணியாக வந்தது.

ஆகவே உங்கள் குழுவைச் சோதிக்க இவற்றைக் கவனியுங்கள். ஜூனியர் ஒருவர் "இது என்னால உடைஞ்சது" என்று பொதுச் சானலில் எழுதுகிறாரா? சீனியர் ஒருவர் "தெரியலை" என்று கடைசியாக எப்போது சொன்னார்? ஒருவர் பத்து நாள் லீவில் போனால் வேலை நிற்கிறதா? கெட்ட செய்தி மேனேஜர் காதுக்குப் போக எத்தனை நாள் ஆகிறது? வாரா வாரம் பச்சை, பச்சை, பச்சை என்று காட்டிவிட்டு ரிலீஸுக்கு நாலு நாள் முன்னால் சிவப்பாகும் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் திட்டமிடலின் கோளாறைவிடப் பயத்தின் கோளாறு. டொயோட்டா தொழிற்சாலைகளில் வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறைக் கண்டால் கயிற்றை இழுத்து அழைப்பு விடுக்கலாம், தீராவிட்டால் வரிசையே நிற்கும். உங்கள் குழுவில் அந்தக் கயிறு யார் கைக்கு எட்டுகிறது என்று பாருங்கள்.

ஆளைக் கூட்டினால் வேலை வேகமாக முடியாதா?

ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வடத்தைத் தொட்டுக்கொண்டு நடப்பவர்களும் அதில் உண்டு. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மேக்ஸ் ரிங்கெல்மான் கயிறு இழுப்பதை அளந்தே பார்த்து 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்குக் கிடைத்த விசை, தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். சோம்பல் மட்டும் காரணமில்லை. எல்லோரும் ஒரே கணத்தில் இழுப்பதில்லை என்பதும் காரணம்.

மென்பொருளில் இது இன்னும் மோசம். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ்./360 உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான திட்டத்தில் ஆளைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975-இல் எழுதினார். புதியவருக்குச் சொல்லித்தரப் பழையவரின் நேரம் போகிறது. பேச்சுத் தொடர்புகளும் பெருகுகின்றன: 5 பேருக்குள் 10 இணைப்பு, 8 பேருக்குள் 28, 12 பேருக்குள் 66. கடைசி மாதத்தில் ஆறு பேரை இறக்குவதாகச் சொன்னால், அவர்களுக்குத் தனித்து நிற்கக்கூடிய வேலையைக் கொடுங்கள்: டெஸ்ட் தரவு தயாரிப்பு, பயனர் ஆவணம், பழைய பிழைகளை மறுபடி ஓட்டிப் பார்த்தல். மென்பொருளின் மையக் குறியீட்டில் கைவைக்க விடாதீர்கள். இன்னும் நல்ல வழி, வேலையின் அளவைக் குறைப்பது. அதைக் கேட்கத்தான் யாருக்கும் துணிவு வருவதில்லை.

மாட்டிக்கொண்டால் எப்போது, எப்படிக் கேட்பது?

அரை மணி நேரம் முயன்றும் புதிதாக எதுவும் தெரியவரவில்லை என்றால் கேளுங்கள். "ப்ரோ, ஒரு நிமிஷம் ஃப்ரீயா?" என்று மட்டும் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். நாலு வரி போதும்: என்ன செய்ய முயல்கிறேன், என்ன வருகிறது (பிழைச் செய்தியை முழுதாக ஒட்டுங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, தேட முடியாது), என்னென்ன முயன்றேன், என்ன உதவி வேண்டும். தனிச் செய்தியாக அல்லாமல் குழுவின் சானலில் போடுங்கள். தனியாகக் கேட்டால் ஒரே சீனியர் நாளெல்லாம் பத்துப் பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், அதே கேள்வி அடுத்த மாதமும் வரும். தீர்ந்ததும் எப்படித் தீர்ந்தது என்று அதே இழையில் எழுதி முடியுங்கள்.

"எல்.ஜி.டி.எம்." என்று போட்டு எல்லாவற்றையும் அப்ரூவ் செய்கிறார்கள்.

எனக்குச் சரியாகத் தெரிகிறது என்பதன் சுருக்கம் அது. படித்துவிட்டுப் போட்டால் தவறில்லை. ஆயிரம் வரி மாற்றத்தை அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதே உண்மை. 400 வரிக்குள் உடைத்து அனுப்புங்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று மேலே இரண்டு வரி எழுதுங்கள். பெயர் மாற்றம், வடிவமைப்பு மாற்றம் போன்றவற்றைத் தனி மாற்றமாகப் பிரித்துவிட்டால் பாதி எரிச்சல் குறையும்.

கே.டி. கொடுத்தார்கள். ஆனால் அவர் போனதும் எதுவுமே தெரியவில்லை. எங்கே தவறு?

கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) என்பது வேலையை விட்டுப் போகிறவர் தனக்குத் தெரிந்ததைப் புதியவருக்குக் கைமாற்றுவது. பெங்களூருவில் 90 நாள் நோட்டீஸ் சாதாரணம். அதில் முதல் 75 நாள் அவரிடமே வேலை வாங்கிவிட்டு, கடைசி இரண்டு வாரத்தில் மீட்டிங் ரெக்கார்டிங்காகக் கே.டி. எடுப்பார்கள். இருபது மணி நேர வீடியோவை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. மேலும், தெரிந்தவர் விளக்கும்போது தனக்குப் பழகிப்போன படிகளைச் சொல்லாமலே தாண்டிவிடுவார். அவர் மேல் தப்பில்லை, அவர் கண்ணுக்கு அவை தெரிவதில்லை.

கே.டி.யைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதல் வாரத்தில் போகிறவரை உட்காரவைத்து ஒரே ஒரு பட்டியல் எடுங்கள்: இவர் மட்டும் செய்யக்கூடிய வேலைகள், இவரிடம் மட்டும் இருக்கும் அனுமதிகள், மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி, மார்ச் 31 என்று அரிதாக வரும் வேலைகள். மூன்றாவதுதான் எப்போதும் விட்டுப்போகும். போனவர் ஏப்ரலில் போயிருப்பார், சிக்கல் அடுத்த மார்ச்சில் வெடிக்கும்.

இரண்டாம் வாரத்திலிருந்து வரும் ஒவ்வொரு டிக்கெட்டையும் புதியவர் கை வைக்க, பழையவர் பக்கத்தில் இருக்கட்டும். விசைப்பலகையைப் பழையவர் தொடக் கூடாது. படிகளைப் புதியவரே எழுத வேண்டும். பழையவர் படித்துத் திருத்துவார். நாலாவது வாரம் ரிவர்ஸ் கே.டி.: புதியவர் மொத்த அமைப்பையும் குழுவுக்கு விளக்க, பழையவர் கேள்வி கேட்பார். ஆறாவது வாரத்தில் பழையவரை வேறு பிராஜெக்டுக்கு மூன்று நாள் அனுப்பிவிடுங்கள். அந்த மூன்று நாளில் எழும் கேள்விகள்தான் மீதமிருக்கும் கே.டி. அனுமதி, சான்றிதழ் புதுப்பிப்பு, வெண்டர் தொடர்புகள் அனைத்தும் அவர் தனி மெயில் முகவரியிலிருந்து குழு முகவரிக்கு மாற வேண்டும். கடைசி நாளில் அவர் கணக்கு மூடப்பட்டதும், அவர் பெயரில் தானாக ஓடிக்கொண்டிருந்த இரவு வேலைகளும் சேர்ந்து நின்றுபோவது மிகப் பழைய கதை.

இரவு பி1 வந்தால் முப்பது பேர் கான்ஃபரன்ஸ் காலில் சேர்கிறார்கள், எதுவும் நகர்வதில்லை.

மூன்று பாத்திரங்களைப் பிரியுங்கள். ஒருவர் நடத்துவார்: முடிவு அவருடையது, அவர் குறியீட்டைத் தொடக் கூடாது. ஒருவர் அல்லது இருவர் கைவைத்துச் சரிசெய்வார்கள். ஒருவர் 30 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே செய்தி சொல்வார்: என்ன பாதிப்பு, என்ன செய்துகொண்டிருக்கிறோம், அடுத்த செய்தி எத்தனை மணிக்கு. இந்தக் கடைசி ஆள் இருந்தால்தான் துணைத்தலைவர் அந்த அழைப்பில் வந்து "என்ன ஸ்டேட்டஸ்?" என்று கேட்பது நிற்கும். முதலில் சேவையை மீட்டெடுங்கள், தேவைப்பட்டால் ரோல்பேக் செய்யுங்கள். மூல காரணத்தைக் காலையில் தேடலாம். செய்த ஒவ்வொன்றையும் நேரத்தோடு சானலில் எழுதுங்கள்.

அடுத்து வரும் ஆர்.சி.ஏ. (மூல காரணத்தைச் சொல்லும்) அறிக்கையில் "மனிதத் தவறு" என்று எழுதி மூடாதீர்கள். ஒருவர் தவறான சர்வரில் கட்டளை ஓட்டினார் என்றால், இரண்டு சர்வர் திரையும் ஏன் ஒரே மாதிரி இருந்தன, உறுதிப்படுத்தும் கேள்வி ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும்.

"ஓனர்ஷிப் எடு" என்கிறார்கள். எடுத்தால் பழி மட்டும் வருகிறது.

எடுப்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். இதில் என்னென்ன முடிவுகளை நானே எடுக்கலாம்? யார் நேரத்தை நான் கேட்க முடியும்? இதற்காக என் கையில் இருக்கும் எந்த வேலை இறங்கும்? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அவர்கள் தருவது ஓனர்ஷிப் இல்லை, ஃபாலோ-அப் வேலை. அதையும் செய்யலாம், ஆனால் அந்தப் பெயரில் செய்யுங்கள். ரேஸி அட்டவணை (எந்த வேலையை யார் செய்வார், யார் பொறுப்பு, யாரைக் கேட்க வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று காட்டுவது) போட்டால், ஒரு வரிசையில் இறுதிப் பொறுப்பாளர் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு பெயர் இருந்தால் அந்த வேலைக்கு ஆளே இல்லை.

டீமில் நாலு தமிழர்கள். தமிழில் பேசினால் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

கன்னடர், தெலுங்கர், மலையாளி, இந்திக்காரர் எல்லோரும் இருக்கும் ஊர் இது. கேன்டீனில், ஆபீஸ் வண்டியில், தமிழிலேயே பேசுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். எல்லை ஒன்றுதான்: வேலை பற்றிய முடிவு எந்த மொழியில் உருவானாலும், எல்லோருக்கும் தெரிந்த மொழியில் எழுத்தில் வர வேண்டும். தேநீர்க் கடையில் இரண்டு தமிழர்கள் ஏ.பி.ஐ.யை மாற்ற முடிவு செய்துவிட்டு, மூன்றாவது ஆளான தெலுங்கர் அதைக் குறியீட்டில் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் உண்மையான முகச்சுளிப்புக்குக் காரணம். கூட்டத்தில் வாய் தவறித் தமிழ் வந்துவிட்டால் உடனே ஆங்கிலத்தில் திரும்பச் சொல்லுங்கள். இதே எதிர்பார்ப்பை இந்தியில் நழுவும் கூட்டத்திலும் நீங்கள் வைக்கலாம். "இங்கிலீஷ்ல சொல்லுங்க, எனக்குப் புரியலை" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும்.

கொஞ்சம் கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். தமிழருக்கு அது கடினமே இல்லை. "ஊட்டா ஆய்த்தா?" (சாப்பிட்டாச்சா?) என்று செக்யூரிட்டியிடம் கேட்பதில் தொடங்கலாம். அட்மின், வசதி, போக்குவரத்துப் பிரிவு ஊழியர்களில் பலர் கன்னடர்கள், அவர்கள் உதவியின்றி எந்த டீமும் ஓடாது.

அப்ரைசலில் பெல் கர்வ். பிறகு எதற்கு அடுத்தவருக்கு உதவுவது?

நியாயமான கேள்வி. பெல் கர்வ் என்ற பெயரில், குழுவுக்குள் இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங் என்று கட்டாயமாக்கினால் சக ஊழியரே போட்டியாளராகிறார். மைக்ரோசாஃப்ட் 2013-இல் இந்த முறையைக் கைவிட்டபோது சொன்ன காரணங்களில் கூட்டு வேலையும் ஒன்று. உங்கள் நிறுவனத்தில் அது இருந்தால் நீங்கள் மாற்ற முடியாது, ஆனால் உதவியைக் கண்ணுக்குத் தெரியவைக்கலாம். ஒவ்வொரு வெள்ளியும் ஐந்து நிமிடம் எடுத்து, யாருக்கு எதில் உதவினீர்கள், அதனால் என்ன முடிந்தது, டிக்கெட் எண் என்ன என்று ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். மார்ச்சில் உட்கார்ந்து யோசித்தால் ஜனவரிக்கு முன்னால் நடந்தது எதுவும் நினைவுக்கு வராது, உங்களுக்கும் சரி, மேனேஜருக்கும் சரி. உங்களுக்கு உதவியவர் பெயரையும் டெமோவில் சொல்லுங்கள். அது திரும்பி வரும்.

வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் என்கிறார்கள். எந்த மூன்று நாள்?

குழுவாக முடிவு செய்யுங்கள். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்று அலுவலகம் வந்து, அங்கே ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்பவரோடு அழைப்பில் பேசுவதற்குப் பெயர் கூட்டு வேலை இல்லை. இரண்டு நாளையாவது எல்லோருக்கும் பொதுவாக்குங்கள். திட்டமிடல், வடிவமைப்பு விவாதம், புதியவருக்குச் சொல்லித்தருதல் எல்லாம் அந்த நாட்களில். தனியே எழுதும் வேலை வீட்டில். ஓசூரிலிருந்து வருபவர் இருந்தால் காலை 9 மணிக் கூட்டத்தை 11-க்குத் தள்ளுங்கள்.

ரெட்ரோவில் ஒவ்வொரு முறையும் அதே புகார்கள். நிறுத்திவிடலாமா?

ரெட்ரோ என்பது ஸ்பிரிண்ட் முடிந்ததும் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம். நிறுத்துவதற்கு முன் போன ரெட்ரோவின் முடிவுகளைத் திறந்து பாருங்கள். பத்து முடிவுகள் இருக்கும், எதற்கும் ஆள் பெயர் இருக்காது. அடுத்த முறை ஒன்றே ஒன்றை எடுங்கள், குழுவே செய்யக்கூடியதாக. "கிளையன்ட் தேவைகளைத் தாமதமாகத் தருகிறார்" என்பது உங்கள் கையில் இல்லை. "தேவை எழுத்தில் வராத டிக்கெட்டை ஸ்பிரிண்டில் எடுக்க மாட்டோம்" என்பது கையில் இருக்கிறது. அதை ஒரு டிக்கெட்டாகப் போட்டு, பெயர் எழுதி, மற்ற வேலைகளோடு போர்டிலேயே வையுங்கள். அடுத்த ரெட்ரோவின் முதல் ஐந்து நிமிடம் அந்த டிக்கெட்டுக்கு. புதியவர்கள் பேசத் தயங்கினால் முதல் பத்து நிமிடம் எல்லோரும் எழுதட்டும், பிறகு பேசலாம். மேனேஜர் கடைசியில் வாசிக்கட்டும்.